விமானத்தில் பறந்த டாக்டர்

தாம்பரம் சாலையில் ஒருவர் அடிபட்டு விழுந்தால், இன்று 108-க்குப் போன் செய்கிறார்கள். ஆம்புலன்ஸ் விரைந்து வருகிறது. தமிழ்நாட்டில் இந்தச் சேவை 2008-ம் ஆண்டு தொடங்கியது. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, நோயாளியைத் தேடி ஓடிய டாக்டர் ஒருவர் சென்னையில் இருந்தார். அவர்தான் டாக்டர் ரங்காச்சாரி.

கும்பகோணத்தை அடுத்த சருக்கை கிராமத்தில் 1882-ம் ஆண்டு பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். அரசாங்க டாக்டராகப் பல ஊர்களில் வேலை பார்த்தார். ஆபரேஷன் செய்வதில் பெரும் புகழ் பெற்றார். பிறகு அரசாங்க வேலையை விட்டு, சென்னையிலேயே தனியாக வைத்தியம் செய்தார்.

அந்தக் காலத்தில் வெளியூர் நோயாளியை மாட்டு வண்டியிலும் ரெயிலிலும் ஏற்றிக் கொண்டு வர வேண்டும். பட்டணம் வந்து சேருவதற்குள் பலருக்கு உயிர் போய்விடும். நோயாளி வரும்வரை காத்திருப்பானேன்? டாக்டரே போகலாமே!

ரங்காச்சாரி சொந்தமாக ஒரு சிறிய விமானம் வாங்கினார். ‘பஸ் மாத்’ என்பது அந்த விமானத்தின் பெயர். தூரத்து ஊர்களுக்கு அதில் பறந்து சென்று வைத்தியம் செய்தார்.

எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்த அவரை, 1934-ம் ஆண்டு டைபாய்டு காய்ச்சல் கொண்டு போய்விட்டது. சென்னை அரசு பொது மருத்துவமனை முன்பு அவருக்குச் சிலை இருக்கிறது. அவசரம் தெரிந்த டாக்டர் என்று அது நினைவூட்டுகிறது.