முதல்-மந்திரியை வீட்டுக்கு அனுப்பிய ஸ்ரீபெரும்புதூர்!
2 முறை ஜெயித்த பக்தவத்சலம் 3-வது முறை தோற்ற கதை

ஸ்ரீபெரும்புதூர்,

கார் கம்பெனி, கண்ணாடி கம்பெனி, ஷிப்ட் பஸ் என்று இன்றைக்கு ராத்திரி பகல் தெரியாமல் ஓடுகிற ஊர் ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் பிறந்த ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். பதவியில் இருந்த ஒரு முதல்-மந்திரியை ஓட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பிய ஊர் இது என்பது, பஸ்சுக்கு நிற்கிற இளவட்டங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அந்த முதல்-மந்திரி எம்.பக்தவத்சலம். தமிழ்நாட்டின் கடைசி காங்கிரஸ் முதல்-மந்திரி அவர்தான்.

அவர் ஒன்றும் வெளியூர்க்காரர் அல்ல. பூந்தமல்லியைத் தாண்டினால் பெங்களூர் ரோட்டில் வருகிற நசரத்பேட்டையில், 1897-ம் ஆண்டு அக்டோபர் 9-ந் தேதி பிறந்தவர். 5 வயதில் தகப்பனார் கனகசபாபதி முதலியார் இறந்துவிட்டார். மாமன்மார் முத்துரங்க முதலியாரும் ஏவலப்ப முதலியாரும்தான் வளர்த்தார்கள். முத்துரங்க முதலியார் அந்தக் காலத்துப் பெரிய காங்கிரஸ்காரர். பையனும் அதே வழியில் போனான்.

வக்கீலுக்குப் படித்தார். கோர்ட்டில் நின்றதைவிட ஜெயிலில் இருந்த கதைதான் ஜாஸ்தி. 1930-ல் வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகம். 1932-ல் ஊர்வலம் போய் ஜெயில். 1942-ல் மறுபடி ஜெயில். வெளியே வரும்போது 1944.

1937-ல் திருவள்ளூரில் ஜெயித்து சட்டசபைக்குப் போனார். ஓமந்தூரார் மந்திரிசபையில் மந்திரி ஆனார். 1952 தேர்தலில் தோல்வி.

காமராஜரின் பெருந்தன்மை

1954-ல் ஒரு விசேஷம். சட்டசபை காங்கிரஸ் தலைவர் பதவிக்கு காமராஜரை எதிர்த்து சி.சுப்பிரமணியம் நின்றார். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராஜர் ஜெயித்தார். எதிர்த்து நின்றவருக்கும் மந்திரி பதவி, முன்மொழிந்தவருக்கும் மந்திரி பதவி! இந்தக் காலத்தில் நடக்குமா?

1957-ல் ஸ்ரீபெரும்புதூரில் நின்றார், ஜெயித்தார். 1962-ல் மறுபடி ஜெயித்தார். 1963 அக்டோபர் 2-ந் தேதி, காமராஜர் பதவி விலகியதும், முதல்-மந்திரி நாற்காலி இவருக்கு வந்தது. செங்கல்பட்டு மாவட்டமே பெருமைப்பட்டது.

நிர்வாகத்தில் கெட்டிக்காரர். பைலைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் பிடிவாதம். கன்னியாகுமரிப் பாறையில் விவேகானந்தர் மண்டபம் கட்டினால் இயற்கை அழகு கெட்டுப்போகும் என்று மறுத்தார். ஏக்நாத் ரானடே டெல்லிக்குப் போய் 323 எம்.பி.க்களிடம் கையெழுத்து வாங்கி வந்த பிறகே இறங்கி வந்தார்.

மாணவர்கள் கொதிப்பு

1965 ஜனவரியில் அந்தப் பிடிவாதமே வினையானது. 26-ந் தேதி முதல் இந்தி ஆட்சிமொழி. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கோடம்பாக்கம் சிவலிங்கம், விருகம்பாக்கம் அரங்கநாதன் தீக்குளித்து மாண்டார்கள். சிதம்பரத்தில் மாணவர் ராஜேந்திரன் போலீஸ் குண்டுக்குப் பலியானார். அரசாங்கக் கணக்கிலேயே சாவு சுமார் 70. வெளியில் பேசப்பட்ட கணக்கு அதைவிடப் பல மடங்கு.

டெல்லியில் மந்திரிகளாக இருந்த சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அழகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். அழகேசன் இதே செங்கல்பட்டு எம்.பி. அவர்கள் ஜனங்களின் கோபத்துக்குத் தலை வணங்கினார்கள். பக்தவத்சலமோ சட்டம்-ஒழுங்கு என்று ஒரே பிடியாக நின்றார். சட்டம் நின்றது, ஓட்டு போய்விட்டது.

அடுத்து அரிசி. மழை பொய்த்தது. விலை ஏறியது. ரேஷன் கடையில் கியூ நீண்டது. நெல் விளைகிற செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்து மனிதர் முதல்-மந்திரி. அவர் ஆட்சியில் சோற்றுக்கு அல்லாட்டம். தி.மு.க.வினர் அவர் பெயரைச் சொல்லியே அரிசி விலை கேட்டு ஊர் ஊராகக் கோஷம் போட்டார்கள். ரூபாய்க்கு 3 படி தருவோம் என்றார்கள். (ஜெயித்த பிறகு போட்டது 1 படி, அதுவும் சென்னையிலும் கோவையிலும் மட்டும். அது வேறு கதை.)

போதாக்குறைக்கு 1967 ஜனவரி 12-ந் தேதி எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டுப்போட்ட அவர் படம் சுவருக்குச் சுவர் ஒட்டப்பட்டது. அவர் நின்ற பரங்கிமலை, அங்கிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம்தான்.

பிப்ரவரியில் ஓட்டுப்பதிவு. ஸ்ரீபெரும்புதூரில் தி.மு.க. வேட்பாளர் டி.ராஜரத்தினம், முதல்-மந்திரியை ஏறக்குறைய 9 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். விருதுநகரில் காமராஜரும் தோற்றார். அங்கே வித்தியாசம் 1,285-தான். அந்த வகையில் சொந்த ஊர்க்காரர்கள் பக்தவத்சலத்துக்குத் தயவே காட்டவில்லை.

மார்ச் 6-ந் தேதி அண்ணா பதவி ஏற்றார். பக்தவத்சலம் தீவிர அரசியலில் இருந்து மெல்ல ஒதுங்கினார்.

பிறகு வந்தவர்கள்

ராஜரத்தினம் 1971-லும் ஜெயித்தார். 1977 முதல் இது தனித்தொகுதி. அந்த ஆண்டு அ.தி.மு.க.வின் என்.கிருஷ்ணன். காங்கிரஸ் கையைவிட்டுப் போன தொகுதியைத் திரும்ப வாங்கியவர் ஒரு பெண்: டி.யசோதா. 1980, 1984, 2001, 2006 என்று 4 முறை. தி.மு.க.வின் இ.கோதண்டம் 2 முறை. 2021-ல் காங்கிரசின் கு.செல்வப்பெருந்தகை.

1980-ல் காங்கிரஸ் இங்கே மறுபடி ஜெயித்ததைப் பார்க்கப் பக்தவத்சலம் உயிரோடு இருந்தார். 1987-ல், 89 வயதில் காலமானார். கிண்டியில் காமராஜர் நினைவிடத்துக்குப் பக்கத்திலேயே அவருக்கும் இடம் கொடுத்தார்கள்.