பிலடெல்பியாவில் ஒரு மாணவி: டொக்டர் ஆனந்திபாய் ஜோஷி

மேற்கத்தைய மருத்துவத்தில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று ஆனந்திபாய் ஜோஷியைச் சொல்வார்கள். அதே 1886ஆம் ஆண்டில் கல்கத்தாவில் காதம்பினி கங்குலியும் வைத்தியராகத் தகுதி பெற்றார். ஆகவே முதலாமவர் யார் என்ற பேச்சை இங்கே விட்டுவிடுகிறேன். பட்டத்துக்கு முன்னர் அவர் அமெரிக்காவில் மாணவியாக வாழ்ந்த மூன்று ஆண்டுகளைப் பற்றியே எழுத விரும்பினேன். கடல் கடந்து படிக்கப்போன நம் பழைய மாணவியர் பலருக்கு அதில் தெரிந்த முகம் ஒன்று தென்படக்கூடும்.

1865 மார்ச் 31இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் யமுனா. ஒன்பது வயதில், ஏறத்தாழ இருபது வயது மூத்தவரும் மனைவியை இழந்தவருமான கோபால்ராவ் ஜோஷிக்கு மணமுடித்து வைத்தார்கள். ஆனந்தி என்ற பெயர் புகுந்த வீட்டில் வந்தது. கோபால்ராவ் தபால் கந்தோரில் எழுதுவினைஞர். மனைவியைப் படிப்பித்தே தீருவதென்று நின்றவர். பதினான்கு வயதில் ஆனந்திபாய்க்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தக்க வைத்தியம் கிடைக்காமல் பத்து நாட்களில் அது இறந்துபோனது. வைத்தியராக வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னரே அவருக்குள் வேரூன்றியது.

1880இல் கோபால்ராவ், மனைவியின் படிப்புக்கு உதவி கேட்டு வைல்டர் என்ற அமெரிக்க மிஷனரிக்கு எழுதினார். மதம் மாறினால் உதவலாம் என்ற கருத்தில் பதில் வந்தது. கணவனும் மனைவியும் அதற்கு இணங்கவில்லை. வைல்டர் அந்தக் கடிதங்களைத் தமது பத்திரிகையில் அச்சிட்டார். நியூ ஜேர்சியின் றோசெல் என்ற ஊரில் வாழ்ந்த தியோடிசியா கார்ப்பென்ரர் என்ற பெண்மணி, பல் வைத்தியரிடம் காத்திருந்த நேரத்தில் அதைப் படித்துவிட்டு, முன்பின் தெரியாத அந்தச் சிறுமிக்குத் தாமாகவே எழுதினார். கடிதங்கள் தொடர்ந்தன. ஆனந்திபாய் சுகவீனமுற்றிருந்தபோது கடல் கடந்து மருந்தும் வந்தது. நேரில் காணுமுன்பே இருவரும் உறவுமுறை வைத்து எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஆனந்திபாய்க்கு அவர் அன்ரி.

போவதற்கு முன் ஊர்வாயை அடைக்க வேண்டியிருந்தது. 1883இல் செராம்பூர் கல்லூரி மண்டபத்தில், பதினெட்டு வயதும் நிரம்பாத ஆனந்திபாய் எழுந்து நின்று, தாம் ஏன் போகிறார் என்பதை விளக்கினார். இந்துப் பெண்களுக்குப் பெண் வைத்தியர்கள் தேவை, தாம் இந்துவாகவே போய் இந்துவாகவே திரும்புவேன் என்பது அவர் சொன்னதன் சாரம். ஏப்ரலில் கணவர் இல்லாமலே, மிஷனரிப் பெண்கள் சிலரோடு கல்கத்தாவில் கப்பல் ஏறி ஜூன் மாதம் நியூ யோர்க்கில் இறங்கினார். கார்ப்பென்ரர் அங்கே காத்திருந்தார்.

அந்தக் கோடைகாலத்தை அவர் றோசெல் வீட்டில் கழித்தார். அவ்வீட்டுச் சிறுமிகளுக்கு மூத்த அக்கா ஒருத்தி வந்தது போலிருந்திருக்கும். ஒரு குடும்பத்துக்குள்ளேயே போய் இறங்கும் பாக்கியம் வெளிநாட்டு மாணவியர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

பின்னர் பிலடெல்பியா. பெண்களுக்கென்றே 1850இல் தொடங்கப்பட்ட பென்சில்வேனியாப் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பீடாதிபதி றேச்சல் பொட்லி அவரைச் சேர்த்துக்கொண்டார். தங்கிய அறையின் கணப்படுப்பு சரியாக எரியாது. மூட்டினால் புகை, மூட்டாவிட்டால் குளிர். மரக்கறி உணவைக் கைவிடாததால் தாமே சமைத்துக்கொண்டார். மராட்டியப் பெண்கள் உடுத்தும் ஒன்பது கஜச் சேலை கெண்டைக்காலை மூடாது; அந்தக் குளிருக்கு அது காணாது. கவுன் போடவில்லை, குஜராத்திப் பெண்களைப் போல் கணுக்கால்வரை மறைய உடுத்தத் தொடங்கினார். அந்தச் சிறு மாற்றத்துக்கும் ஊரிலிருந்த கணவருக்கு எழுதி விளக்க வேண்டியிருந்தது. இங்கே மதம் மாறுவாரா என்று சிலர் பார்த்திருந்தார்கள். மாறிவிட்டாரா என்று அங்கே சிலர் பார்த்திருந்தார்கள். ஒரு சேலைக் கட்டு அதன் நடுவில் நின்றது.

1885 ஒக்டோபரில் கல்லூரி வரவேற்பு ஒன்றின்போது எடுத்த படம் ஒன்று உண்டு. ஆனந்திபாய் சேலையில், யப்பானின் கெய் ஒகாமி கிமோனோவில், சிரியாவின் சபாத் இஸ்லாம்பூலி தம் நாட்டு உடையில். பார்க்க அழகான படம்தான். வெளிநாட்டில் பயிற்சியிலிருந்த நாட்களில் என்னையும் சேலை கட்டி வரச்சொல்லி விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள். அன்பாகத்தான் அழைத்தார்கள். ஆனாலும் விருந்து எனக்கா, சேலைக்கா என்று தோன்றாமல் இருந்ததில்லை. அதனால் அந்தப் படத்தைவிட றோசெல் வீட்டின் சாப்பாட்டு மேசையே எனக்குப் பெரிதாகப்படுகிறது. கார்ப்பென்ரர் ஆனந்திபாயின் மதத்தையோ உணவையோ மாற்றிக்கொள்ளச் சொல்லி அன்பு காட்டியவர் அல்லர்.

தூரம் இன்னொன்றையும் கொடுத்தது. அமெரிக்காவிலிருந்து கணவருக்கு எழுதிய கடிதமொன்றில், பத்து வயதில் விறகால் அடித்ததையும், பின்னர் புத்தகங்களை எறிந்ததையும், விட்டுப்போவேன் என்று மிரட்டியதையும் ஆனந்திபாய் ஒவ்வொன்றாக நினைவுபடுத்தினார். அது சரியா என்று கேட்டார். படிப்பித்தவரும் அடித்தவரும் ஒருவரே என்பதை வரலாறு எழுதுவோர் மென்று விழுங்குவதுண்டு. ஆனந்திபாய் விழுங்கவில்லை. ஆனால் நன்றியையும் மறுக்கவில்லை.

உடம்பு இறங்கிக்கொண்டே போனது. காசநோய்க் கிருமியை கொக் கண்டுபிடித்தது 1882இல். அதைக் கொல்லும் மருந்து வந்தது 1940களில். இடையில் வைத்தியர் கொடுக்கக்கூடியது ஓய்வும் நல்ல உணவும் சுத்தமான காற்றும்தான். தனியே சமைத்து, புகையறையில் இருந்து படித்த மாணவிக்கு இந்த மூன்றுமே அரிது. மச்சம் மாமிசம் சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். நல்ல அறையும் ஒருநேரச் சூடான சாப்பாடும் ஒழுங்காகக் கிடைத்திருந்தால் என்று மட்டும் நினைப்பதுண்டு.

1886 மார்ச் 11இல் பட்டம். ஆய்வுக்கட்டுரை இந்துக்களிடையே மகப்பேற்று மருத்துவம் பற்றியது. பத்து நாட் குழந்தையை இழந்த தாய் வேறெதை எடுத்திருப்பார்! விழாவுக்கு இங்கிலாந்திலிருந்து பண்டித ரமாபாய் வந்திருந்தார். கோலாப்பூரின் அல்பேர்ட் எட்வேர்ட் வைத்தியசாலையில் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பாகப் பதவி காத்திருந்தது. அந்த ஆண்டு இறுதியில் கணவரோடு ஊர் திரும்பியபோது நோய் முற்றியிருந்தது. பதவியை ஏற்கவே முடியவில்லை. 1887 பெப்ரவரி 26இல் பூனாவில் காலமானார். இருபத்திரண்டு வயதாக இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அஸ்தியின் ஒரு பகுதி றோசெலுக்குப் போனது. கார்ப்பென்ரர் அதை நியூ யோர்க் மாநிலத்தின் பொக்கீப்சி மயானத்தில், தம் குடும்பத்தாருக்குரிய நிலத்தில் அடக்கம் செய்தார். கல்வி கற்பதற்காக இந்தியாவை விட்டுப் புறப்பட்ட முதல் பிராமணப் பெண் என்று அந்தக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பக்கமாக வசிக்கும் நம் பழைய மாணவியர் யாராவது போனால், ஒரு பூ வைத்துவிட்டு வாருங்கள்.