பொறிவல்லார் அல் ஜஸாரி

நாழிகை வட்டில்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருநாளன்று மாலை ஆறு மணியாகும்பொழுது கோவிலின் உள்ளே அர்த்தநாரீசுவரர் எழுந்தருள்வார். அதே வேளையில் 2,668 அடி உயரமுள்ள மலையின் முடியில் தீபம் ஏற்றப்பெறும். அடிவாரத்தில் நிகழ்வதும் மலைமுடியில் நிகழ்வதும் காலத்தால் ஒத்து நிற்பதைக் காணும் மக்கள் பெருமகிழ்ச்சி எய்துவர். ஊர் முழுவதும் ஒரே வேளையில் ஒன்றைச் செய்ய வேண்டுமாயின், அவ்வேளையைப் பிழையின்றி அறிந்து கூறும் கருவி வேண்டும். இன்று நம் கையில் கடிகாரம் உள்ளது. அஃது இல்லாத முற்காலத்தில் மக்கள் என் செய்தனர்?

நம் நாட்டில் நாழிகை வட்டில் என்னும் கருவி நெடுங்காலம் வழங்கி வந்தது. அடியில் நுண்ணிய துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்க விடுவர். துளையின் வழியே நீர் சிறிது சிறிதாக உட்புகும். வட்டில் நிறைந்து முழுகும் காலம் ஒரு நாழிகை. அஃதாவது 24 நிமிடம். அரசர்தம் பாசறையில் நாழிகை கணித்துக் கூறுவோர் இருந்தனர் என்பதை முல்லைப்பாட்டால் அறிகிறோம். ஆயினும், இக்கருவியில் ஒரு குறை உண்டு. முழுகிய வட்டில் தானே மேலெழாது. ஒருவர் கண் துஞ்சாது அருகிலிருந்து, அது முழுகியவுடன் எடுத்து, நீரைக் கொட்டி, மீண்டும் மிதக்க விடுதல் வேண்டும். அவர் சற்றே அயர்ந்தால் காலக்கணக்குத் தவறிவிடும்.

அம்மனிதர் செய்த வேலையை ஓர் உலோகப் பந்தைக்கொண்டு செய்வித்த பேரறிஞர் ஒருவர், இற்றைக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் வாழ்ந்தார். அவரே அல் ஜஸாரி ஆவார்.

பிறப்பும் பணியும்

அவருடைய இயற்பெயர் இஸ்மாயீல் என்பது. யூப்ரடீஸ், டைகிரீஸ் என்னும் இரு பேராறுகளுக்கு இடைப்பட்ட நிலப்பகுதியை அரபு மொழியில் ஜஸீரா என்பர். தீவு என்பது அச்சொல்லின் பொருள். அந்நாட்டைச் சார்ந்தவராதலின் அவர் அல் ஜஸாரி எனப்பட்டார். தம் காலத்தின் அற்புதம் எனப் பொருள்படும் சிறப்புப் பெயரையும் மக்கள் அவருக்குச் சூட்டினர். அவருடைய இளமை வாழ்வு பற்றிய செய்திகள் மிகுதியாகக் கிடைக்கவில்லை. அவர்தம் கைத்திறனே அவர் வரலாறாக நின்று விளங்குகின்றது.

இன்றைய துருக்கி நாட்டின் தென்கிழக்கில் டைகிரீஸ் ஆற்றங்கரையில் தியார்பக்கிர் என்னும் நகரம் உள்ளது. அப்பகுதியை அந்நாளில் அர்த்துகியர் என்னும் மரபினர் ஆண்டனர். அவர்களது அரசவையில் அல் ஜஸாரி 1174 ஆம் ஆண்டளவில் பணியேற்றார். தந்தைக்கும், தந்தைக்குப்பின் மூத்த மகனுக்கும், அவனுக்குப்பின் இளையவனாகிய நாசிருத்தீன் முகமூதுக்கும் என மூவருக்கு அவர் தொண்டாற்றினார். சோழநாட்டில் மூன்றாம் குலோத்துங்கன் செங்கோல் செலுத்திய காலமும் ஏறத்தாழ இதுவே.

அவர் ஏட்டறிவு மட்டும் உடைய புலவர் அல்லர். செம்பை உருக்கி வார்த்தல், தகட்டைத் தட்டி வளைத்தல், மரத்தை இழைத்துப் பொருத்துதல் ஆகிய தொழில்களில் கைதேர்ந்தவர். கொல்லரும் தச்சரும் அறிந்த நுட்பங்களையும், கணித நூலோர் அறிந்த நுட்பங்களையும் ஒருங்கே கற்றவர். அக்காலத்தில் இவ்விரண்டும் ஒருவரிடம் கூடியிருத்தல் அரிது.

யானைக் கடிகாரம்

அல் ஜஸாரி செய்த பொறிகளுள் யானைக் கடிகாரம் பெரும்புகழ் வாய்ந்தது. யானையின் முதுகில் அம்பாரி போன்ற ஒரு மாடம். அம்மாடத்தின் உச்சியில் ஒரு பறவை. மாடத்தில் அமர்ந்த மனிதன் ஒருவன். அவனுக்கு இருபுறமும் பருந்தின் தலைகள். அவற்றின் கீழே வளைந்த உடலையுடைய இரு பாம்புகள். யானையின் கழுத்தில் பாகன். நடுவே எழுதுகோல் ஏந்திய எழுத்தன். காண்பவர் இதனை ஓர் அழகிய பொம்மை என்றே எண்ணுவர். ஆனால், யானையின் வயிற்றினுள்ளே நீர்த்தொட்டி ஒன்றும், அதில் மிதக்கும் துளையிட்ட கிண்ணம் ஒன்றும் உள்ளன. நம் நாட்டு நாழிகை வட்டிலே கடல் கடந்து சென்று யானையின் வயிற்றில் குடிபுகுந்தது போலும்!

அக்கிண்ணம் முழுக அரைமணி நேரம் ஆகும். அது மெல்லத் தாழுந்தோறும் எழுத்தனின் உருவம் சிறிது சிறிதாகத் திரும்பும். அவன் கையிலுள்ள எழுதுகோல் கடந்த காலத்தைக் குறிகளின்மேல் காட்டும். கிண்ணம் முழுகும் நொடியில், அதனோடு பிணைத்த கயிறு மாடத்தின் மேற்பகுதியில் அடுக்கிய பந்துகளுள் ஒன்றை விடுவிக்கும். பந்து உருண்டு வரும்பொழுது உச்சியிலுள்ள பறவை சுழலும். மாடத்து மனிதன் ஒரு பருந்தின் அலகிலிருந்து தன் கையை எடுப்பான். அவ்வலகின் வழியே பந்து பாம்பின் வாயில் விழும்.

இனி நிகழ்வதே இப்பொறியின் உயிர்நிலை ஆகும். பாம்பின் உடல் ஓர் அச்சின்மேல் துலாக்கோல் போல நிற்கின்றது. வாயில் விழுந்த பந்தின் எடையால் பாம்பின் தலை தாழும். தாழுந்தோறும், அதனோடு சங்கிலியால் பிணைக்கப்பட்ட கிண்ணம் நீரினின்று மேலே இழுக்கப்பட்டு, சாய்ந்து, நீரைக் கொட்டிவிடும். பாம்பு தன் வாயிலுள்ள பந்தைக் கீழேயுள்ள குடுவையில் உமிழும். எடை நீங்கியதும் மேலெழுந்து பழைய நிலையை அடையும். வெறுங்கிண்ணம் மீண்டும் நீரில் மிதக்கும். குடுவையில் விழுந்த பந்தோ பாகனின் கைகளை அசைத்து யானையைத் தட்டச் செய்து, இறுதியில் தாளத்தின்மேல் வீழ்ந்து ஓசை எழுப்பிக் கீழ்த்தட்டில் சேரும். அடுத்த அரைமணியில் மற்றைப் பருந்தும் மற்றைப் பாம்பும் இவ்வாறே செயற்படும். தட்டிலுள்ள பந்துகளை எண்ணிக் கடந்த பொழுதை அறிந்துகொள்ளலாம்.

மேலே பந்துகள் உள்ளவரையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். தீர்ந்தபின் அவற்றை எடுத்து மாடத்தில் மீண்டும் வைத்தல் வேண்டும். கிண்ணத்தைத் தூக்கும் ஆற்றல் எங்கிருந்து வந்தது? பந்துகளை மேலே ஏற்றி வைத்த மனிதனின் கையிலிருந்தே வந்தது. ஒரு முறை ஏற்றி வைத்த ஆற்றலை அரைமணிக்கு ஒரு பகுதியாகச் செலவிடுமாறு அமைத்ததே அல் ஜஸாரியின் திறமாகும்.

செய்து பார்த்துத் தெளிதல்

இத்தகைய பொறியை மனத்தால் எண்ணுதல் எளிது. பழுதின்றி இயங்கச் செய்தல் அரிது. திருவண்ணாமலை மாடவீதிகளில் தேர் வரும்பொழுது, ஓராள் தூக்கும் முட்டுக்கட்டை அப்பெருந்தேரின் போக்கை மாற்றுவதைக் காணலாம். கட்டையை விரற்கடை தள்ளி இட்டாலும், ஒரு நொடி பிந்தி இட்டாலும் தேர் வேறு பக்கம் சாயும். யானைக் கடிகாரத்தின் நிலையும் அத்தகையதே. பந்தின் எடை குறைந்தால் பாம்பு தாழாது, கிண்ணமும் எழாது. பந்து உருளும் வழி சரிவு குறைந்திருப்பின் அது நடுவழியில் நின்றுவிடும். கிண்ணத்தின் துளை மயிரிழை பெருத்தாலும் அரைமணி என்னும் அளவு சுருங்கிவிடும். ஓர் இடத்தில் நேர்ந்த தடை பொறி முழுவதையும் நிறுத்திவிடும்.

ஆகவே அல் ஜஸாரி எதனையும் சோதித்துப் பார்த்தே ஏற்றுக்கொண்டார். முன்னோர் நூல்கள் பலவற்றை அவர் கற்றிருந்தார். ஆர்க்கிமிடீசின் பெயரால் வழங்கிய நீர்க்கடிகார முறையும், ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த மூசாவின் மக்கள் மூவர் செய்த பொறிகளும் அவருக்கு வழிகாட்டின. ஆனால், பெரியோர் கூறினர் என்பதற்காக மட்டும் ஒன்றை மெய்யெனக் கொள்ளுதல் அவர் இயல்பன்று. செய்து பார்த்து உறுதி செய்யப்படாத கலை, மெய்க்கும் பொய்க்கும் இடையே ஊசலாடுவது என்பது அவர் கொண்ட கொள்கை.

அவர் செய்த கோட்டைக் கடிகாரம் இதற்குச் சான்றாகும். ஏறத்தாழ 11 அடி உயரமுடைய அக்கடிகாரத்தில் மணிதோறும் ஒரு கதவு மாறும். இரு பருந்துகள் முன்சாய்ந்து தம் அலகிலுள்ள பந்துகளைக் கலங்களில் இட்டு ஓசை எழுப்பும். அந்நாளில் ஞாயிறு எழுவது முதல் மறைவது வரை உள்ள பொழுதைப் பன்னிரண்டு மணியாகப் பகுப்பர். ஆதலின் கோடையில் பகல்மணி நீளும், மாரியில் குறுகும். அதற்கேற்ப நாள்தோறும் நீரின் ஒழுக்கைக் கூட்டியும் குறைத்தும் அமைத்தல் வேண்டும். இதற்கென முன்னோர் வகுத்த அரைவட்டக் கருவியை அல் ஜஸாரி செய்து பார்த்தார். அது காட்டிய அளவு உண்மையோடு பொருந்தவில்லை. வேறு முறைகளையும் ஆராய்ந்தார்; அவையும் பொருந்தவில்லை. இறுதியில் முழுவட்டத் தகடு ஒன்றை அமைத்து, ஒவ்வொரு நிலையிலும் நீர் ஒழுகும் அளவைச் சோதித்துச் சோதித்துக் குறியிட்டு வெற்றி கண்டார். பிழையைக் கண்டு அவர் மனம் தளரவில்லை. பிழையே அவருக்கு ஆசானாயிற்று.

வேலைப்பாட்டிலும் அவர் இத்தகைய கவனமே செலுத்தினார். நீர்க்கசிவு நேராதவாறு அடைப்பான்களை மணற்பொடி போன்ற குருந்தப்பொடியிட்டுத் தேய்த்து, ஒன்றோடொன்று இறுகப் பொருந்தச் செய்தார். மரம் வெயிலாலும் ஈரத்தாலும் கோணாதிருத்தற்பொருட்டுப் பல அடுக்குகளாக ஒட்டிப் பயன்படுத்தினார். சக்கரங்களின் எடை எப்பக்கமும் ஒத்திருக்கின்றதா என ஆய்ந்தார். பெரும் பொறியைச் செய்யுமுன் தாளால் சிறு மாதிரி செய்து பார்த்தலும் அவர் வழக்கமாக இருந்தது.

அறிவைக் காத்த நூல்

பொறி பழுதுபடும், அதைச் செய்தவரும் ஒருநாள் மறைவர். அவருடைய கைத்திறன் ஏட்டில் ஏறாவிடின் அவரோடு அழிந்துபோகும். அந்நாளில் தொழில் நுட்பங்களைத் தந்தை மகனுக்கும், ஆசான் மாணவனுக்கும் மறைவாகக் கூறுவதே வழக்கம். எத்துணையோ அரிய கலைகள் இவ்வாறு உலகை விட்டு நீங்கின. இதனை உணர்ந்த மன்னன் நாசிருத்தீன், அல் ஜஸாரியின் படைப்புகள் மறையாவண்ணம் அவற்றை நூலாக எழுதுமாறு பணித்தான்.

பல ஆண்டுகள் உழைத்து 1206 ஆம் ஆண்டில் அவர் அந்நூலை முடித்தார். அதில் ஐம்பது பொறிகள் ஆறு வகையாகப் பகுத்துக் கூறப்படுகின்றன. கடிகாரங்கள், கலங்கள், நீரூற்றுகள், நீர் இறைக்கும் பொறிகள் முதலியன அவற்றுள் அடங்கும். நீர் இறைக்கும் பொறிகளுள் ஒன்று, இரு உருளைகளில் மாறி மாறி இயங்கும் தண்டுகளால் ஆற்றுநீரை மேலேற்றுவது. ஒவ்வொரு பொறிக்கும் வண்ணப்படம் வரைந்து, உறுப்புகளுக்கு எழுத்தால் குறியிட்டு, இன்ன பொருளால் இன்ன அளவில் செய்து இன்னவாறு பொருத்துக என்று முறையாக எழுதினார். தம் பெருமையைக் கூறுவதினும், பிறர் அதைப் படித்துத் தாமே செய்யவேண்டும் என்பதே அவர் நோக்கமாக இருந்தது. நூல் முடிந்த ஆண்டிலேயே அவர் இயற்கை எய்தினார் என்பர்.

அந்நோக்கம் வீண்போகவில்லை. 1974 ஆம் ஆண்டில் டொனால்டு ஹில் என்னும் அறிஞர் அந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1976 ஆம் ஆண்டில் இலண்டன் அறிவியல் காட்சிச்சாலையில் கோட்டைக் கடிகாரத்தை நூலில் உள்ளவாறே மீண்டும் செய்து நிறுத்தினர். எழுநூற்று எழுபது ஆண்டுகட்குப்பின் அது இனிது இயங்கிற்று! எழுதியவர் ஒவ்வொன்றையும் மெய்யாகவே செய்து பார்த்து எழுதினார் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நாம் கொள்ளும் பாடம்

இன்றும் உலகின் பல நாடுகளில் சிறுவரும் பெரியவரும் லெகோ என்னும் பிளாஸ்டிக் கட்டைகளைக்கொண்டு பந்துகளை நகர்த்தும் பொறிகளை அமைத்து மகிழ்கின்றனர். ஒருவர் செய்த பொறி பந்தைத் தூக்கி அடுத்தவர் பொறிக்குக் கொடுக்கும். அது மற்றொன்றுக்குக் கொடுக்கும். சராசரியாக நொடிக்கு ஒரு பந்து செல்லவேண்டும் என்பது அவர்களுக்குள் ஏற்பட்ட ஒழுங்கு. ஒரு கட்டை சற்றே பிசகினும் பந்துகள் தேங்கிச் சிதறும். அப்பொழுது அவர்கள் சரிவைத் திருத்துவர், பல்சக்கரத்தை மாற்றுவர், மீண்டும் ஓடவிட்டுப் பார்ப்பர். கட்டைகள் புதியன, முறையோ அல் ஜஸாரி கைக்கொண்டதே.

செல்வத்தாலோ குலத்தாலோ அல்லாமல் கைத்திறனாலும் பொறுமையாலும் புகழ் பெற்றவர் அல் ஜஸாரி. கற்றதைச் செய்து பார்த்தல், பிழை கண்டவிடத்து நாணாது திருத்துதல், கண்ட உண்மையைப் பிறர்க்கு ஒளியாது வழங்குதல் ஆகிய மூன்றும் அவர் வாழ்க்கை நமக்கு அறிவிக்கும் நெறிகளாகும். சிறியதோர் உலோகப் பந்து யானையின் வயிற்றிலிருந்த கிண்ணத்தைத் தூக்கி நிறுத்தியது. அதுபோல, சிறிய செயலாயினும் அளவறிந்து திருந்தச் செய்தால் பெரும்பயன் விளையும் என்பதை மாணவர்கள் உள்ளத்திற் கொள்வார்களாக.