ரொட்டிக்கடையின் மருமகன்

திண்டுக்கல்லில் எங்கள் தெருவைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதி சென்ற ஆண்டு ஜப்பானில் குடியேறினர். கணவர் இயந்திரப் பொறியாளர். மணமான ஆறாம் மாதமே மனைவியும் உடன் சென்றார். பயணத்துக்கு முந்தைய நாள் பெண்ணின் தாயார் ஐந்து கிலோ சீரகச் சம்பா அரிசியைக் கட்டி வைத்திருந்தார். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அந்நாட்டு விமான நிலையத்தில் அரிசியை விடமாட்டார்கள் என்று நான் சொன்னதும், முகம் வாடி மூட்டையை அவிழ்த்தார். பொடி வகைகள் மட்டும் போயின. இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் தொலைபேசியில் சொன்ன செய்தி வேறாக இருந்தது. அரிசி அவர்களுக்கு ஒரு குறையாகவே இல்லையாம். வாடகைக்கு வீடு தேடியபோது, பிணை நிற்க உள்ளூர்க்காரர் யார் என்ற கேள்விதான் ஒவ்வொரு வாசலிலும் அவர்களைத் திருப்பி அனுப்பியதாம்.

அந்த உரையாடல் முடிந்தபோது எனக்கு ராஷ் பிஹாரி போஸ் நினைவுக்கு வந்தார். நம் பாடநூல்களில் அவருக்குக் கிடைப்பவை இரண்டு வரிகள். 1912-ல் தில்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்சு மீது குண்டு வீசும் திட்டத்தை வகுத்தவர் என்பது ஒன்று. 1943-ல் சிங்கப்பூரில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையைச் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தவர் என்பது மற்றொன்று. இவ்விரு வரிகளுக்கும் நடுவில் முப்பது ஆண்டுகள் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியை அவர் தோக்கியோவில் கழித்தார். அம்மொழியைக் கற்றார், அங்கேயே மணந்தார், பிள்ளைகளைப் பெற்றார், மனைவியை இழந்தார். அந்த வாழ்வுக்குப் பிணை நின்றது ஒரு ரொட்டிக்கடைக் குடும்பம்.

வங்காளத்தின் பர்துவான் மாவட்டத்தில் 1886-ல் பிறந்தவர் அவர். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சந்திரநாகூரில் படித்தார். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே தலைமறைவு இயக்கத்தை நடத்தினார். 1915 பிப்ரவரியில் வட இந்தியப் படைமுகாம்களில் ஒரே நாளில் கலகம் எழுப்பும் திட்டம் காட்டிக்கொடுக்கப்பட்டது. அவர் தலைக்கு விலை வைத்துக் காவல் துறை தேடியது. அந்த மே மாதம், கவி ரவீந்திரநாத் தாகூரின் உறவினர் என்று சொல்லிக்கொண்டு பி.என். தாகூர் என்ற பெயரில் கல்கத்தாவிலிருந்து சனுகி மாரு என்ற ஜப்பானியக் கப்பலில் ஏறினார். ஜூன் தொடக்கத்தில் கோபே துறைமுகத்தில் இறங்கினார். அப்போது வயது 29.

ஜப்பான் அப்போது பிரிட்டனின் நட்பு நாடு; 1902-லிருந்தே உடன்படிக்கை இருந்தது. அவர் யார் என்பதைக் கண்டுகொண்ட பிரிட்டிஷ் தூதரகம் நெருக்கவே, நவம்பர் இறுதியில் அவரும் உடனிருந்த ஹேரம்பலால் குப்தாவும் டிசம்பர் 2-க்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. வெளியேறினால் பிரிட்டிஷார் கையில் சிக்குவது உறுதி. அதன் முடிவு தூக்குமேடை.

இங்கேதான் ரொட்டிக்கடை வருகிறது. ஷிஞ்ஜுகுவில் நகமுராயா என்ற கடையை நடத்தி வந்தவர்கள் சோமா ஐஸோவும் அவர் மனைவி கொக்கோவும். 1901-ல் தோக்கியோ பல்கலைக்கழகத்துக்கு எதிரே இருந்த ஒரு சிறு கடையை விலைக்கு வாங்கித் தொழிலைத் தொடங்கியவர்கள். ஓவியர்களும் சிற்பிகளும் எழுத்தாளர்களும் கூடும் வீடு அவர்களுடையது. செய்தித்தாளில் வெளியேற்ற ஆணையைப் படித்த ஐஸோ, கடைக்கு வந்த பத்திரிகையாளர் ஒருவரிடம் தம் ஆற்றாமையைச் சொன்னார். தம்மைப் போன்றவர் வீட்டில் ஒளித்து வைத்தால் யாருக்கும் ஐயம் எழாது என்றும் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார். வாடிக்கையாளரிடம் நாம் எத்தனையோ சொல்கிறோம்; யாரும் அதைப் பிடித்துக்கொண்டு மறுநாள் வந்து நிற்பதில்லை. ஆனால் அந்தச் சொல், தேசியவாதத் தலைவர் தோயாமா மிட்சுருவின் காதுக்குப் போயிற்று. விடைபெறும் சந்திப்பு என்ற பெயரில் தோயாமாவின் வீட்டுக்குச் சென்ற இரு இந்தியர்களும் முன்வாசலில் காவலர் காத்திருக்கப் பின்வழியாக வெளியேறி நகமுராயாவை அடைந்தனர்.

கடைக்குப் பின்னால் ஓவியர்கள் பயன்படுத்திய ஒரு பட்டறை அறை இருந்தது. ஏறத்தாழ நான்கு மாதங்கள் அதுவே போஸின் உலகம். குப்தா அடைபட்டிருக்கப் பொறாமல் இடையிலேயே வெளியேறிவிட்டார். ஐஸோ தம் பணியாளர்களைக் கூட்டி உண்மையைச் சொல்லி, வெளியே ஒரு சொல் போகக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். மாவு பிசைகிறவர்களும் வண்டி இழுக்கிறவர்களுமாகிய அத்தனை பேரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊர் பூட்டுக்குப் பெயர் பெற்றது. ஆனால் இத்தனை வாய்களைப் பூட்டிய சாவி எதுவென்று நான் அடிக்கடி வியப்பதுண்டு. அந்த மன உளைச்சலின் நாள்களில் கொக்கோ தம் கைக்குழந்தையைப் பறிகொடுத்தார் என்று அக்குடும்பத்தின் வரலாறு சொல்கிறது. விருந்தினர் உயிர் பிழைத்ததற்கு அந்த வீடு முதலில் கொடுத்த விலை அது.

1916 தொடக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஜப்பானியப் பயணக் கப்பலொன்றை மறித்து, அதிலிருந்த இந்தியர்களைப் பிடித்துச் சென்றது. தன் கொடி அவமதிக்கப்பட்டதாகச் சினந்த ஜப்பானிய அரசு, வெளியேற்ற ஆணையைக் கைவிட்டது. போஸ் அறையைவிட்டு வெளியே வந்தார். ஆயினும் பிரிட்டிஷ் உளவாளிகளின் தேடல் ஓயவில்லை. அவரோடு நிழலாக இருந்து தொடர்புகளைக் கவனிக்க ஒரு துணை தேவை. மனைவியாக வருபவளே அதற்கு உகந்தவள் என்று தோயாமா கருதினார். சோமா தம்பதியின் மூத்த மகள் தோஷிகோவைக் கேட்டார்.

இந்த இடத்தில் என் மனம் ஒருபோதும் அமைதி கொண்டதில்லை. நாட்டு விடுதலை என்பது பெரிய சொல்தான். என்றாலும், தேடப்படும் ஓர் அயல்நாட்டவரைக் காக்க ஒரு பெண்ணைத் துணையாகக் கேட்பது என்ன நியாயம்? பெற்றோர் வற்புறுத்தவில்லை. முடிவை மகளிடமே விட்டனர். அவள் பல நாள் சிந்தித்துச் சம்மதித்தாள். 1918 ஜூலையில் தோயாமாவின் வீட்டில் திருமணம் மறைவாக நடந்தது. மணமகளுக்கு இருபது வயது நிரம்பவில்லை, மணமகனுக்கு 32.

அதன்பின் அவர்கள் நடத்தியது குடித்தனமா, தலைமறைவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பெயரை மாற்றி, முகவரியை மாற்றி 17 முறை வீடு மாறினார்கள். அக்கம்பக்கத்தார் பார்வை படாத, வெயில் நுழையாத அறைகளாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. கடைக்குப் போகவும் ஆளைப் பார்த்துப் பேசவும் கதவைத் தட்டுகிறவர் யாரென்று அறிந்து திறக்கவும் தோஷிகோதான். கணவர் ஜப்பானிய மொழியைச் சரளமாகப் பேசவும் பின்னர் அதிலேயே நூல்கள் எழுதவும் வல்லவரானார். அந்தத் தேர்ச்சிக்கு வீட்டுப் பேச்சைவிடப் பெரிய பள்ளி வேறு இருந்திருக்க முடியாது. இரக்கத்தால்தான் தன்னை மணந்தாளோ என்ற ஐயம் போஸை அரித்ததாம். ஒருநாள் அதை அவளிடமே கேட்டு, அன்பு உண்மையானால் மாடத்திலிருந்து குதிக்க முடியுமா என்றாராம். சொல் முடியுமுன் அவள் கைப்பிடிச் சுவரை நோக்கி ஓட, அவர் பாய்ந்து தடுத்தாராம். குடும்பத்தார் வழியாக வந்த செய்தி இது. மனைவி இறந்த பின் அவரே மாமியாரிடம் மனம் உடைந்து சொன்னதாகக் கூறுவர். வைஸ்ராய்க்கு அஞ்சாதவர் மனைவியின் அன்பை நம்ப அஞ்சியிருக்கிறார்.

1920-ல் மகன் மசாஹிதே, 1922-ல் மகள் தெத்ஸுகோ. உலகப் போர் முடிந்து தேடலும் தளர்ந்தபின், 1923 ஜூலையில் போஸ் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். தோஷிகோ முதன்முறையாகச் சொந்தப் பெயரில், திறந்த சன்னலோடு வாழத் தொடங்கினார். அந்த வாழ்வு நீடித்தது 20 மாதங்கள். ஆண்டுக்கணக்கில் நலிந்திருந்த உடல் நுரையீரல் நோயைத் தாங்கவில்லை. 1925 மார்ச்சில் தம் 26-ஆம் வயதில் காலமானார். போஸ் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகளைச் சோமா குடும்பம் வளர்த்தது.

அதற்கு இரண்டாண்டு கழித்து, 1927 ஜூனில், நகமுராயா ஓர் உணவுக்கூடம் திறந்தது. ஜப்பானியருக்கு அதுவரை தெரிந்த கறி, ஆங்கிலேயர் வழியாக வந்தது. மாவு கரைத்துக் கெட்டியாக்கியது. இந்திய உணவைக்கூட ஆங்கிலேயரின் கை வழியாகத்தான் உண்ண வேண்டுமா என்ற மனத்தாங்கல் போஸுக்கு இருந்தது. எலும்போடு கூடிய கோழி, தயிர், அப்போது வறுத்து அரைத்த மசாலா எனத் தம் நாட்டு முறையில் ஒரு குழம்பை அமைத்துக் கொடுத்தார். பிற கடைகளில் 10 அல்லது 12 சென்னுக்குக் கிடைத்த கறிச்சோறு அங்கே 80 சென். ஆயினும் கூட்டம் வந்தது. நீண்ட அரிசி ஜப்பானியர் நாவுக்கு ஒவ்வாததால், அந்நாட்டு அரிசியிலேயே உயர்ந்த ஒரு வகையைத் தேடி ஐஸோ சேர்த்தார். சம்பா அரிசி மாறினால் பிரியாணியே இல்லை என்று வாதிடும் ஊர்க்காரனாகிய எனக்கு, மாமனார் அரிசியை மாற்றியதும் மருமகன் மசாலாவை மாற்ற மறுத்ததும் நல்ல உடன்பாடாகவே தோன்றுகிறது. அந்த உணவு இன்றும் ஷிஞ்ஜுகுவில் விற்கிறது. விடுதலைப் போரையும் காதலையும் சேர்த்தே அதற்கு விளம்பரம் செய்கிறார்கள். காதலைச் சொல்பவர்கள் அந்த வெயிலற்ற அறைகளையும் சொன்னால் நன்றாயிருக்கும்.

இதோடு நிறுத்தினால் இது இனிய கதை. ஆனால் தமிழராகிய நமக்கு இதில் வேறொரு கணக்கும் உண்டு. 1920-களின் நடுவில், ஆசிய விடுதலை பேசிக்கொண்டே சீனரை இழிவாக நோக்கும் ஜப்பானியரைக் குறைகூறி எழுதியவர் போஸ். பின்னாளில் அந்தக் குரல் அடங்கிற்று. 1942 ஜூனில் பாங்காக்கில் கூடிய மாநாட்டின் மூலம் தென்கிழக்காசிய இந்தியரின் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். அதே ஆண்டில், பாங்காக்குக்கு மேற்கே, சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானியப் படை அமைக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரக்கணக்கில் அங்கே கொண்டு செல்லப்பட்டு, காலராவிலும் பட்டினியிலும் மடிந்தனர். திண்டுக்கல் அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது. வானம் பார்த்த இந்தச் சமவெளியிலிருந்து மழை பொய்த்த ஆண்டுகளில் மலாயாவுக்குக் கப்பலேறியவர்கள் பலர். சயாம் ரயிலுக்குப் போன அண்ணன் திரும்பவில்லை என்று சொல்லும் முதியவர் ஒருவரை, வேடசந்தூர்ப் பக்கத்தில் என் சிறுவயதில் நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தொழிலாளர்களின் பெயரால் பேசிய சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் போஸ். அவர் தலைமைக் காலத்தில் அந்த வேலை ஒரு நாளும் நிற்கவில்லை.

அவரைக் கைப்பாவை என்று இந்தியத் தேசிய ராணுவ அதிகாரிகள் சிலர் ஐயுற்றனர். மனைவி ஜப்பானியர், மகன் ஜப்பானியப் படையில் இருக்கிறான் என்பதையும் சுட்டினர். நான் அப்படிக் கருதவில்லை. அவர் கண்ட ஜப்பான், வாய் திறவாத பணியாளர்களும் பிள்ளையைப் பறிகொடுத்த கொக்கோவும் தோஷிகோவும் கொண்ட ஜப்பான். தமக்குக் கதவு திறந்த வீட்டின் முகமே அந்நாட்டின் முகம் என்று நம்பிவிட்டார். அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. வேடசந்தூர் முதியவருக்கு அதைச் சொல்லி ஆறுதல் தர முடியாது.

1943 ஜூலை 4-ஆம் நாள் சிங்கப்பூரில் பொறுப்பைச் சுபாஷிடம் ஒப்படைத்த போஸ், 1945 ஜனவரியில் தோக்கியோவில் நோயுற்று மறைந்தார். அந்த ஜூனில் ஒகினாவாப் போரில் மசாஹிதே 24 வயதில் மாண்டார். இந்தியா 1967-ல் போஸுக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. தோக்கியோவின் தாமா கல்லறைத் தோட்டத்தில் அவரும் தோஷிகோவும் ஒன்றாக இருக்கிறார்கள்.

எங்கள் தெருப் பெண்ணுக்கு ஒருவழியாக வீடு கிடைத்துவிட்டது. கணவரின் நிறுவனம் பிணை நின்றது. சென்ற வாரம் பேசியபோது, தாமாவுக்கு ஒருமுறை போய், தோஷிகோவின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து ஒரு படம் அனுப்பச் சொன்னேன். குளிர் குறையட்டும், போகிறோம் என்றிருக்கிறாள்.