டாக்டர் சுப்பாராவ்

ஆந்திர நாட்டுப் பீமாவரத்தில் 1895-ம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ம் தேதி பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறையே தேறினார். சென்னை மருத்துவக் கலாசாலையில் பயிலுங்கால், கதராடை தரித்து அறுவைக்கூடம் புகுந்தமையால் ஆங்கில ஆசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் பெறாது எல்.எம்.எஸ். சான்றிதழுடன் வெளியேறினார்.

பின்பு அமெரிக்கா சென்ற அவர், பகலில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் பயின்று, இரவில் வைத்தியசாலையில் நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவிப் பிழைத்தார். பின்னர் பிஸ்க் என்பாருடன் கூடி, இரத்தத்திலும் சிறுநீரிலுமுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். பாஸ்பேட்டு மாலிப்டேட்டு உப்புடன் கூடித் தரும் நீல நிறத்தின் செறிவே அதன் அளவுகோல். நம் ஒத்தக்கடை விவசாயக் கலாசாலை மாணாக்கர் யானைமலையடியில் மண்ணின் பாஸ்பரஸை அளக்கையில் காண்பதும் அவ்வினத்து நீலமே. தசைகளின் சக்தியைச் சேமித்து வைக்கும் பாஸ்போகிரியேட்டின், ஏ.டி.பி. என்னும் பொருள்களை அவ்விருவரும் கண்டதும் இவ்வாராய்ச்சியின் வழியேதான்.

அந்நீலத்தை அற்பமென எண்ணற்க. சிறுநீரகம் வடிகட்டி மாத்திரமன்று; ஹார்மோன்களையும் பிறப்பிப்பது. வைட்டமின் டி செயலுறு ஹார்மோனாக மாறுவது பெரும்பாலும் அங்கேதான். உடலில் பாஸ்பேட்டு மிகுங்கால், எஃப்.ஜி.எஃப். 23 என்னும் வளர்ச்சிக் காரணி எலும்பினின்று சுரந்து சிறுநீரகத்தை அடைகிறது. அது பாஸ்பேட்டைச் சிறுநீரில் கழிக்கச் செய்வதோடு, அந்த ஹார்மோனின் உற்பத்தியையும் அடக்குகிறது. அதனால் குடல் ஏற்கும் பாஸ்பேட்டும் குறைகிறது. சிறுநீரகம் பழுதுற்றோரிடம் இக்காரணி மிகுந்து, ஹார்மோன் குன்றி, எலும்பு நலிகிறது. இக்காரணி அறியப்பட்டது 2000-ம் ஆண்டில். சுப்பாராவ் அதனை அறிந்தாரல்லர். எனினும், அளக்கவியலாப் பொருளின் ஏற்ற இறக்கத்தை எவர்தாம் ஆராயக்கூடும்?

ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டவில்லை. 1940-ல் லெடர்லி மருந்துச் சாலையை அடைந்தார். நுண்ணுயிர்களின் வளர்ச்சிக் காரணியாகவும், இரத்த விருத்திக்கு இன்றியமையாததாகவும் விளங்கும் போலிக் அமிலத்தை அவர்தம் குழுவினர் 1945-ல் செயற்கையாக ஆக்கினர். தம் சகோதரரைக் கவர்ந்த ஸ்புரூ நோயின் சோகையைத் தணிப்பதும் இதுவே என்பதை நினைக்குந்தோறும் நம் நெஞ்சம் நெகிழ்கிறது. அதற்கு எதிராகச் செயற்படும் அமினோப்டெரினும் அங்கேயே தோன்றியது. அதனை டாக்டர் பார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு முதன்முதல் அளித்தார்.

சுப்பாராவ் 1948-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தம் 53-ம் வயதில் இறந்தார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தாய்நாட்டில் விட்டுச்சென்ற மனைவி சேஷகிரியை அவர் மீண்டும் காணவேயில்லை.