வெற்றி வீரர் எர்னி டேவிஸ்

வாழ்ந்த ஆண்டுகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஒருவரது பெருமையை அளவிட இயலாது. இருபத்து மூன்றே ஆண்டுகள் வாழ்ந்து, வென்ற பரிசுகளைவிடத் தம் பொறுமையால் மக்கள் மனத்தில் இடம்பெற்றவர் ஒருவர் உண்டு. அவர்தாம் அமெரிக்கக் கால்பந்து வீரர் எர்னி டேவிஸ்.

இவர் 1939ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 14ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தில் நியூ சேலம் என்னும் ஊரில் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையின் முகத்தை அறியும் பேறு இவருக்குக் கிட்டவில்லை. தாய்வழிப் பாட்டனாரும் பாட்டியாரும் இவரை வளர்த்தனர். சிறு வயதில் திக்கித் திக்கிப் பேசிய இவர், விளையாட்டுத் திடலில் மட்டும் தடையின்றி ஓடினார். 12ஆம் வயதில் தாயாருடன் வாழ நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகருக்குச் சென்றார். அங்கே பள்ளியில் கூடைப்பந்திலும் கால்பந்திலும் புகழ் பெற்று, பின்னர் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியினர் வீழ்த்துமுன் 100 கஜத் திடலின் எல்லைக்கோட்டைக் கடக்க வேண்டும். கடந்தால் 6 புள்ளிகள். ஓடுபவர் ஒருவரே, ஆனால் எதிரிகளை மறித்து வழியமைத்துத் தருபவர்கள் மற்றப் பத்துப் பேர். தோழர்களின் துணையின்றி எவரும் இதில் வெல்ல முடியாது.

1959ஆம் ஆண்டு சிரக்யூஸ் அணிக்குப் பொன்னான ஆண்டு. இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படைவீரராய்ப் பணிபுரிந்த பென் ஷ்வார்ட்ஸ்வால்டர் அதன் பயிற்சியாளர். எர்னி 44ஆம் எண் சட்டை அணிந்து ஆடினார். பென் ஸ்டேட் அணியை 20க்கு 18 என்று மயிரிழையில் வென்றதையும் சேர்த்து, ஆடிய பத்து ஆட்டங்களிலும் வெற்றி. நாட்டின் முதலிடம் அவர்களுக்கே கிடைத்தது.

1960 ஜனவரி முதல் நாள் டல்லஸ் நகரில் காட்டன் பௌல் ஆட்டம். எதிரணியான டெக்சாஸில் கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை. சிரக்யூஸில் மூவர் இருந்தனர். தொடைத் தசையில் காயம்பட்டிருந்தும் எர்னி பந்தைப் பெற்று எல்லைக்கோட்டைக் கடந்தார். அந்த ஒரே முயற்சியில் அணி கடந்த தூரம் 87 கஜம்! மேலும் ஒருமுறையும் அவ்வாறே புள்ளி ஈட்டினார். ஆட்டத்தின் நடுவே இரு அணியினரும் கைகலக்கும் நிலையும் வந்தது. முடிவில் 23க்கு 14 என்று சிரக்யூஸ் வென்றது. சிறந்த வீரர் விருது எர்னிக்கே வழங்கப்பட்டது.

ஆனால் அன்றிரவு நடந்தது என்ன? வெற்றி விருந்து நடந்த இடத்தில் நிறவேற்றுமை நிலவியது. விருதைப் பெற்றுக்கொள்ளலாம், பெற்றதும் வெளியேறிவிட வேண்டும் என்று எர்னிக்குக் கூறப்பட்டது. திடலில் தோளோடு தோள் நின்றவர்கள் பந்தியில் பிரிக்கப்பட்டனர். வெற்றியைத் தேடித் தந்தவருக்கு அமர ஒரு நாற்காலி இல்லை! இதை எண்ணும்போது நம் நெஞ்சம் பதறுகிறது.

எர்னி மனம் கசந்து ஆட்டத்தை விட்டுவிடவில்லை. 1961இல் கல்லூரிக் கால்பந்தின் உயரிய ஹைஸ்மன் கோப்பையைப் பெற்ற முதல் கறுப்பின வீரரானார். குடியரசுத் தலைவர் கென்னடி நியூயார்க் நகரில் இவரைக் கண்டு கைகுலுக்கினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் விருந்திலிருந்து அனுப்பப்பட்டவரும் இவர்தாம் அன்றோ!

1962ஆம் ஆண்டுக்காகத் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தெரிவு செய்தபோது முதலாவதாக அழைக்கப்பட்ட பெயர் எர்னியுடையது. கிளீவ்லாண்ட் பிரௌன்ஸ் அணி இவரைப் பெற்றது. அந்தோ! அக்கோடையிலேயே இரத்தப் புற்றுநோய் இவரைப் பற்றியது. அவ்வணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆட முடியவில்லை. ஆயினும், இத்துணை நன்மைகளைப் பெற்ற தம்மைத் துரதிர்ஷ்டசாலி என்று சொல்லக்கூடாது என்றே எர்னி கருதினார். 1963 மே 18ஆம் நாள் இவரது உயிர் பிரிந்தது. எல்மைராவில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று இறுதி மரியாதை செலுத்தினர். அணிந்து ஆடப்படாத இவரது 45ஆம் எண் சட்டையை கிளீவ்லாண்ட் அணி வேறெவருக்கும் வழங்குவதில்லை.

அன்புத் தோழியரே, ஆயக்காரரோடும் பாவிகளோடும் பந்தியமர்ந்தவர் நம் ஆண்டவர். நாம் எவரையேனும் நம் பந்தியிலிருந்து விலக்குகிறோமா? மதிய உணவு வேளையில் தனித்து அமர்ந்திருக்கும் தோழி ஒருத்தி இருந்தால், அவளை நம் அருகில் அழைப்போம். எர்னிக்கு அன்று மறுக்கப்பட்ட இடத்தை நாம் எவருக்கும் மறுக்காதிருப்போமாக!