தந்தை செல்வாவின் பதினைந்து வாக்குகள்

கொம்பனித்தெருவில் நான் வேலை செய்யும் இடத்திலிருந்து காலிமுகத்திடலுக்கு நடந்தே போய்விடலாம். அங்கே இன்று ஜனாதிபதி செயலகமாக இருக்கும் கட்டடம்தான் 1982 வரை பாராளுமன்றம். அமெரிக்காவில் செலவுச் சட்டமூலம் இழுபடுகிறது, அரச அலுவலகங்கள் மூடப்படுகின்றன என்று செய்தி வரும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தில் இருந்த தந்தை செல்வாவைத்தான் நினைப்பேன்.

அமெரிக்க செனட்டில் விவாதத்தை முடிக்கவே 100 பேரில் 60 பேர் வேண்டும். 41 பேர் சேர்ந்தால் வாக்கெடுப்பையே மறிக்கலாம். இங்கே அப்படியில்லை. வரவு செலவுத் திட்டத்துக்கு நாட்கள் ஒதுக்கப்படும். கடைசி நாளில் வாக்கெடுப்பு. ஆனால் அதிலோ சிம்மாசன உரையிலோ தோற்றால் அரசாங்கம் நிலைக்காது. சிறிய கட்சியின் பிடி அங்கேதான்.

செல்வநாயகம் 1898இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்தவர். கொழும்பில் ஆசிரியராக இருந்து சட்டத்தரணியானார். 1947இல் காங்கேசன்துறையில் வென்றார். மலையகத் தமிழரின் குடியுரிமை விவகாரத்தில் தமிழ்க் காங்கிரஸை விட்டுப் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். மெல்லிய குரல், பின்னாளில் நடுக்குவாதம் அதையும் குறைத்தது. மணிக்கணக்கில் பேசிச் சபையை மறிக்கக்கூடியவர் அல்லர்.

1960 மார்ச் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50 ஆசனங்கள், சுதந்திரக் கட்சிக்கு 46, தமிழரசுக் கட்சிக்கு 15. சுயாட்சி, மொழி, குடியேற்றம், குடியுரிமை பற்றிய கோரிக்கைகளைச் செல்வா முன்வைத்தார். பிரதமர் டட்லி சேனாநாயக்க இணங்கவில்லை. ஏப்ரல் 22இல் சிம்மாசன உரை 86க்கு 61 என்று தோற்றது. ஒரு வரவு செலவுத் திட்டத்தைக்கூடக் காணாமல் அந்த அரசாங்கம் போனது.

பிறகு நடந்ததுதான் கசப்பு. ஜூலைத் தேர்தலில் சுதந்திரக் கட்சி 75 ஆசனங்களை வென்றது. தமிழரசின் 16 பேர் அதற்குத் தேவைப்படவில்லை. 1961இல் சிங்களம் மட்டும் நிர்வாகத்தை எதிர்த்து வடகிழக்கில் சத்தியாக்கிரகம் நடந்தது. செல்வா பனாகொடை இராணுவ முகாமில் தடுத்து வைக்கப்பட்டார்.

1965 மார்ச் 24இல், இம்முறை எழுத்திலேயே, டட்லியுடன் ஒப்பந்தம் செய்தார். தமிழரசுக் கட்சி அரசாங்கத்துக்குள் போனது. மாவட்ட சபைச் சட்டமூலமோ 1968இல் கைவிடப்பட்டது. கட்சி வெளியேறியும் அரசாங்கம் விழவில்லை. வேறு கைகள் இருந்தன. ஏமாந்தார் என்று அவரைக் குறை சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. பேரம் பேச அவரிடம் இருந்தது அந்த வாக்குகள் மட்டுமே.

1972 ஒக்டோபரில், புதிய குடியரசு யாப்பை எதிர்த்து, ஆசனத்தைத் துறந்து இடைத்தேர்தலுக்குச் சவால் விட்டார். இழுத்தடித்தது அரசாங்கம்தான். 1975 பெப்ரவரி வரை தேர்தல் வைக்கவில்லை. வைத்தபோது பெருவாரியாக வென்றார். 1977 ஏப்ரல் 26இல் காலமானார்.